வெள்ளையை நம்பாத கேமரா

முன்சியாரியில் முதல் நாள் மாலை நான் எடுத்த படங்கள் நாற்பத்துச் சொச்சம். அவற்றில் ஒன்றைக்கூட இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

உத்தராகண்டின் பிதோராகட் மாவட்டத்தில், ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் அது. காட்கோதாம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஜீப்பில் ஒரு முழு நாள் வளைந்து வளைந்து போக வேண்டும். ஊருக்கு வடகிழக்கே, கோரி கங்கைப் பள்ளத்தாக்குக்கு அப்பால், பஞ்சச்சூலி என்ற ஐந்து பனிச்சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் உயர்ந்தது 6904 மீட்டர். சூலி என்றால் அடுப்பு. பாண்டவர்கள் சொர்க்கத்துக்குக் கிளம்பும் முன் கடைசியாகச் சமைத்துச் சாப்பிட்ட ஐந்து அடுப்புகள் இவை என்பது அந்தப் பக்கத்துக் கதை. நவம்பர் மாலையில் மேற்கு வெயில் பட்டு அந்த ஐந்தும் கனன்று சிவப்பதைப் பார்த்தால், கதை கட்டியவர்மேல் குற்றம் சொல்லத் தோன்றாது.

கண் பார்த்தது அது. கேமரா கொடுத்தது வேறு. பிற்பகலில் எடுத்த படங்களில் பனி, நாலு நாள் கட்டிய வேட்டியின் நிறத்தில் இருந்தது. அந்தியில் எடுத்தவற்றிலோ சிகரத்தின் உச்சி சிவப்பாகவே இல்லை. வெளிறிய மஞ்சள் திட்டாக, யாரோ அழிப்பான் போட்டுத் தேய்த்ததுபோல இருந்தது.

ஊர் திரும்பியதும் நண்பர்களிடம் சொன்னேன். மூன்று விளக்கங்கள் கிடைத்தன. கேமரா பழசு என்றார் ஒருவர். பனி என்றால் கேமராவில் ஒளியை ஒன்றரை ஸ்டாப் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அலகு, விளக்கம் பின்னால்) கூட்டி வைக்க வேண்டும், இதுகூடத் தெரியாதா என்றார் இன்னொருவர். அந்தச் சிவப்பெல்லாம் கணினியில் ஏற்றுவதுதான், நிஜத்தில் அப்படி வராது என்றார் மூன்றாமவர். முதலாவது தவறு. மூன்றாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவது பாதி சரி. மூன்றிலும் அதிகப் படங்களைக் கெடுப்பது அந்தப் பாதி சரிதான்.

ஒரு சொல் குறிப்பு. தமிழில் மார்கழிப் புல்நுனியில் நிற்பதும் பனி, ஊட்டியில் வழியை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டிக் கிடப்பதும் பனி. இந்தக் கட்டுரையில் பனி என்றால் மூன்றாவது மட்டும்.

முதலில் ஒரு வேட்டி, ஒரு குடை

மலைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்துக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். வேட்டியைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி நெருங்கி, கேமராவை தானியங்கி முறையில் வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு அதே இடத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்துவைத்து, துணி மட்டும் தெரியும்படி இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேட்டியும் சாம்பல், குடையும் சாம்பல். எது எதுவென்று சொல்ல ஒரு கணம் தடுமாறுவீர்கள்.

கேமரா பழுதாகவில்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்ததை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

படம் எடுக்கும்போது சென்சாரில், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் தட்டில், விழுகிற மொத்த ஒளியின் அளவுக்கு எக்ஸ்போஷர் என்று பெயர். குறைந்தால் படம் இருளும், கூடினால் வெளிறும். எவ்வளவு ஒளி வேண்டும் என்று கேமராவுக்குள் இருந்து கணக்குப் போடுவது ஒளிமானி. அதன் சிக்கல் என்னவென்றால், எதிரே இருப்பது வேட்டியா குடையா என்று அதற்குத் தெரியாது. அந்தப் பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளி மட்டும்தான் தெரியும். நிறைய ஒளி வந்தால், வெள்ளைப் பொருள்மேல் சாதாரண வெளிச்சம் விழுந்ததா, சாதாரணப் பொருள்மேல் கடும் வெளிச்சம் விழுந்ததா என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது.

ஆகவே கேமரா செய்பவர்கள் ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டார்கள். மரம், மனிதர், மண், வீடு என்று கலந்திருக்கும் சராசரிக் காட்சி, விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்பது அது. அந்த அளவு, கண்ணுக்கு நடுத்தரச் சாம்பலாகத் தெரியும். எதைக் காட்டினாலும் அந்தச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் ஒளிமானியின் வேலை. விடுதிச் சமையற்காரர் எல்லோருக்கும் ஒரே அளவு உப்புப் போடுவதைப் போல. முக்கால்வாசிப் பேருக்கு அது சரியாக இருக்கும். ரத்த அழுத்தக்காரருக்கும் வெயிலில் உழைத்து வந்தவருக்கும் சரிப்படாது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர்கள் உண்டு. கேமரா அதற்கு நேர் எதிர். பாலையே கொண்டுவந்து வைத்தாலும் சாம்பல் கரைத்த தண்ணீர் என்றுதான் சொல்லும்.

இரட்டிப்புக் கணக்கு

புதிதாகப் பெய்த பனி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. கேமரா எதிர்பார்ப்பது 18. இந்த இடைவெளியைப் படமெடுப்பவர்கள் ஸ்டாப் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு. ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதி. 18-ஐ இரட்டித்தால் 36, அதை இரட்டித்தால் 72. ஆக, பனி கேமராவின் எதிர்பார்ப்பைவிட இரண்டு ஸ்டாப்புக்கும் சற்று மேலே இருக்கிறது. சட்டம், அதாவது படத்துக்குள் அடங்கும் காட்சி, முழுக்கப் பனியாக இருந்தால், வேண்டிய ஒளியில் கால் பங்குகூட இல்லாமல் கேமரா குறைத்துவிடுகிறது. அதனால்தான் அந்த நாலு நாள் வேட்டி நிறம்.

இதைச் சரிசெய்ய, கூட்டல் கழித்தல் குறிகள் போட்ட ஒரு பொத்தானோ திருகோ பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. நீ கணக்குப் போட்டது சரி, அதற்குமேல் இவ்வளவு கூட்டு அல்லது குறை என்று கேமராவிடம் சொல்லும் வழி அது. பகலில் பனிவெளியை எடுக்கும்போது ஒன்று முதல் இரண்டு வரை கூட்டினால் பனி வெள்ளையாகும். சட்டத்தில் பாறையும் மரமும் எவ்வளவு கலந்திருக்கின்றனவோ அதற்கேற்ப ஒன்றா, ஒன்றரையா, இரண்டா என்பது மாறும்.

தூத்துக்குடி உப்பளத்தில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. உப்புக் குவியலும் பனிக் குவியலும் ஒளிமானிக்கு ஒன்றே. இப்போதைய கேமராக்கள் காட்சியை ஓரளவு ஊகித்துத் தாங்களே கொஞ்சம் கூட்டிக்கொள்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முழுதாகக் கூட்டுவதில்லை.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கேமராவுக்குப் பொருள் தெரியாது, ஒளி மட்டும் தெரியும், எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கும், வெள்ளை அதிகமிருந்தால் நாம் கூட்ட வேண்டும். நண்பர் சொன்ன ஒன்றரை ஸ்டாப் இங்கிருந்துதான் வருகிறது. அந்தியில் அது எப்படிக் காலை வாருகிறது என்பதற்கு முன், மலை ஏன் சிவக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வெண்டைக்காயும் ஒரு தம்ளர் தண்ணீரும்

வெண்டைக்காயை நேராகக் குறுக்கே வெட்டினால் சின்ன வட்டம் கிடைக்கும். கத்தியைச் சாய்த்து வெட்டினால் நீண்ட துண்டு. காய் அதேதான், கத்தி கடக்கும் தூரம் கூடிவிட்டது. பூமியைச் சுற்றியிருக்கும் காற்று அந்தக் காய் என்றால், வெயில் கத்தி. உச்சிவேளையில் வெயில் காற்றை நேராகக் கடந்துவிடுகிறது. அடிவானத்தை ஒட்டிச் சூரியன் நிற்கும்போது, அதைப் போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது.

கடக்கும்போது என்ன நடக்கிறது? ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, சில சொட்டுப் பால் விடுங்கள். அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கைத் தம்ளரின் ஒரு பக்கம் ஒட்டிப் பிடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் லேசான நீலம். எதிர்ப்பக்கத்திலிருந்து விளக்கையே பார்த்தால் அது ஆரஞ்சு. வெள்ளை ஒளியில் இருக்கும் நீலப் பகுதி எளிதில் நாலாபுறமும் தெறித்துவிடுகிறது; சிவப்புப் பகுதி நேராகப் போய்ச் சேர்கிறது. காற்றில் இந்த வேலையைச் செய்வது பால்துளிகள் அல்ல, காற்றின் மூலக்கூறுகளே. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரேலி 1871-இல் இதற்குக் கணக்கு எழுதினார். அதனால் இதற்கு ரேலி சிதறல் என்று பெயர். ஒளியின் அலைநீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்காகும் என்பது அவர் கண்ட விதி. நீலத்தின் அலைநீளம் குறைவு, சிவப்பினுடையது அதிகம்.

ஆக, பகலில் நம் தலைக்குமேல் தெரியும் நீலமும் அந்தியில் மலைமேல் விழும் சிவப்பும் ஒரே கொடுக்கல் வாங்கலின் இரண்டு பக்கங்கள். வழியில் நீலத்தையெல்லாம் இறைத்துவிட்ட வெயில், மிச்சமிருக்கும் சிவப்போடு பஞ்சச்சூலியில் போய் மோதுகிறது. பச்சைக் காடாக இருந்தால் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பனி எதையும் விழுங்குவதில்லை. என்ன நிறம் வந்ததோ அதை அப்படியே திருப்பித் தருகிறது. பனிமலை அளவுக்கு வேறெந்த மலையும் சிவக்காததற்குக் காரணம் இதுதான்.

சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்

அந்தி என்றதும் மெரினாவில் பழகிய நாம்கூட மேற்கே திரும்பிவிடுகிறோம். முன்சியாரியில் முதல் நாள் நானும் அதையே செய்தேன். மேற்கே எழும் மலைமுகடுகளின் மேல் சூரியன் இறங்குவதைப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். நாலரை மணி வாக்கில் ஊர் நிழலுக்குள் போனது. அவ்வளவுதான் என்று லென்ஸை மூடப் போனேன். தங்கியிருந்த வீட்டுக்காரர் மாடிக்கு வந்து என் தோளைத் தொட்டுத் திருப்பினார். அந்தப் பக்கத்து மொழியான குமாவோனியில் அண்ணனைத் தாஜ்யூ என்பார்கள். என்னைவிட வயதில் மூத்த அந்த மனிதர் என்னையும் தாஜ்யூ என்றே கூப்பிட்டார். "அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை தாஜ்யூ. அடுப்பு இந்தப் பக்கம்தான் எரிகிறது."

சூரியனைப் பார்த்து நின்றால் மலையின் நிழல் பக்கம்தான் தெரியும். கறுத்த ஓர் உருவம் கிடைக்கும். சிவந்த பனி வேண்டுமென்றால் சூரியன் முதுகுக்குப் பின்னாலும் சிகரம் முகத்துக்கு நேரேயும் இருக்க வேண்டும். நவம்பரில் அங்கே சூரியன் மேற்கிலிருந்து தெற்கு நோக்கிச் சற்றுத் தள்ளி மறைகிறது. பஞ்சச்சூலி வடகிழக்கே. கிட்டத்தட்ட நேர் எதிர்.

நேரக் கணக்கிலும் தப்பு செய்கிறோம். கைபேசி காட்டும் சூரிய மறைவு நேரம் சமதளத்துக்கானது. சென்னையும் முன்சியாரியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் நவம்பர் நடுவில் சென்னையில் சூரியன் 5.39 வாக்கில் மறைகிறது என்றால், முன்சியாரியில் 5.13. வடக்கே போகப் போகக் குளிர்காலப் பகல் சுருங்குகிறது. மேற்கே மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் அதற்கும் முன்பே போய்விடும். சிகரத்துக்கோ அதன் பிறகும் வெயில் உண்டு. ஸ்ரீரங்கத்துத் தெரு இருட்டிய பிறகும் கோபுரக் கலசத்தில் வெயில் நிற்குமே, அதே கதைதான். உயரமான இடத்திலிருந்து பார்த்தால் அடிவானம் இன்னும் கீழே இறங்கித் தெரியும். மறைப்பு எதுவும் இல்லாவிட்டால், கடல் மட்டத்தில் நிற்பவரைவிட 7000 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் பத்து நிமிடத்துக்கு மேல் கூடுதலாகத் தெரியும்.

அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் நிழல் மலைமேல் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அடிவாரத்துக் காடு, அதன்மேல் புல்வெளி, பிறகு பனிச்சரிவு என்று ஒவ்வொன்றாக அணையும். வெளிச்சம் மேலே ஒதுங்க ஒதுங்க அதன் நிறம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும், ஆரஞ்சிலிருந்து செம்மைக்கும் போகும். நல்ல நிறம் கடைசி மூன்று நான்கு நிமிடம்தான். அதற்குள் திருகைத் தேடிக்கொண்டிருந்தால் தீர்ந்தது.

விதி தலைகீழாகும் இடம்

இப்போது நண்பரின் ஒன்றரை ஸ்டாப்புக்கு வரலாம். முதல் நாள் அந்த விதி எனக்கும் தெரியும். பகலிலேயே தவறவிட்டோமே என்று அந்தியில் உஷாராகக் கூட்டி வைத்தேன். கெட்டது.

அந்தி நேரத்து சட்டத்தை எண்ணிப் பாருங்கள். கீழே பாதிக்கு மேல் இருண்ட பள்ளத்தாக்கு, கறுத்த தேவதாரு மரங்கள். மேலே மங்கிய வானம். நடுவில் கைக்குட்டை அகலத்துக்குச் சிவந்த பனி. ஒளிமானி மொத்தத்தையும் பார்த்து, ரொம்ப இருட்டாக இருக்கிறதே என்று தானாகவே ஒளியைக் கூட்டுகிறது. பள்ளத்தாக்கை நடுச்சாம்பலாக்கப் பார்க்கிறது. கறுப்புக் குடையைச் சாம்பலாக்கியதே, அதே வேலை. அதன்மேல் நானும் ஒன்றரை கூட்டினேன். உச்சிப் பனியின் கதி என்ன ஆகும்?

சென்சார் என்பது கோடிக்கணக்கான சின்னக் கிண்ணங்கள் பரப்பிய தட்டு. ஒளி மழைபோல விழ, கிண்ணம் நிறைகிறது. எவ்வளவு நிறைந்தது என்பதே படம். நிரம்பி வழிந்த கிண்ணத்தில் எவ்வளவு மழை விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கிண்ணங்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வண்ணத் தாள் போட்டு மூடியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் நிறத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். அந்திப் பனியிலிருந்து வருவது பெரும்பாலும் சிவப்பு. ஆகவே சிவப்புக் கிண்ணங்கள்தான் முதலில் வழிகின்றன. அவை வழிந்து நின்றுவிட, பச்சை மட்டும் தொடர்ந்து ஏறுகிறது. சிவப்போடு பச்சை சேர்ந்தால் ஒளியில் மஞ்சள். நீலமும் ஏறிவிட்டால் வெள்ளை. என் படத்தில் உச்சி மஞ்சள் திட்டாக வெளிறியது இப்படித்தான். சிவப்பு குறைந்து போய்விடவில்லை, கொள்ளாமல் வழிந்திருக்கிறது.

ஆகவே அந்தியில் பெரும்பாலும் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். அரையோ, ஒன்றோ, சில நேரம் ஒன்றரையோ. அதே நிமிடத்தில், தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் நீண்ட லென்ஸைப் போட்டு, சட்டம் முழுக்கச் சிவந்த சிகரமே நிற்கும்படி எடுத்தால் கதை மாறிவிடும். அப்போது சட்டத்தில் இருட்டு இல்லை, வெளிச்சம்தான். கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். ஒரே மலை, ஒரே நிமிடம், இரண்டு விதமான சட்டம், இரண்டு விதமான திருத்தம். பனி என்றால் இத்தனை ஸ்டாப் என்று எண்ணாகச் சொல்லும் எந்த அறிவுரையும் இங்கே உடைந்துவிடுகிறது. சட்டத்தை நிரப்பியிருப்பது எது என்பதுதான் கேள்வி.

ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. எடுத்த படத்தின்மேல் ஒரு சின்ன மேட்டு வரைபடம் காட்டும் வசதி கேமராவில் இருக்கிறது. அதற்கு ஹிஸ்டோகிராம் என்று பெயர். இடது ஓரம் கருமை, வலது ஓரம் வெண்மை. மேடு எங்கே உயர்ந்திருக்கிறதோ அந்த அளவு வெளிச்சத்தில் நிறையப் புள்ளிகள் இருக்கின்றன என்று பொருள். மேடு வலது சுவரில் முட்டி நின்றால் கிண்ணங்கள் வழிகின்றன. மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்தியில் சிவப்பு மேட்டை மட்டும் பார்த்தால் போதும். அது சுவரைத் தொடாமல் பக்கத்தில் நின்றால் சரி. பள்ளத்தாக்கு இருட்டாக விழுந்தால் விழட்டும். அங்கே நிஜமாகவே இருட்டுதான்.

சுருக்கம்: பகலில் வெள்ளை நிறைந்த சட்டம், கூட்டுங்கள். அந்தியில் இருட்டு நிறைந்த சட்டம், குறையுங்கள். எண்ணை நம்பாமல் சிவப்பு மேட்டை நம்புங்கள்.

டியூப்லைட் வீடும் குண்டு பல்பு வீடும்

ஒளியின் அளவு சரியாக இருந்தும் நிறம் தப்பிப்போவது உண்டு. இரவில் தெருவில் நடக்கும்போது பாருங்கள். டியூப்லைட் எரியும் வீட்டு ஜன்னல் நீலம் தோய்ந்த வெள்ளையாகவும், குண்டு பல்பு எரியும் ஜன்னல் மஞ்சளாகவும் தெரியும். ஆனால் அந்தந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு நாளிதழின் தாள் வெள்ளையாகத்தான் தெரிகிறது. மூளை அந்த நிறச்சாயலைத் தானே கழித்துவிடுகிறது. கேமராவில் இந்த வேலையைச் செய்வது வெண்சமநிலை. மெனுவில் ஒயிட் பேலன்ஸ் என்று இருக்கும். எந்த ஒளியை வெள்ளை என்று வைத்துக்கொண்டு மற்ற நிறங்களைக் கணக்கிடுவது என்ற தீர்மானம்தான் அது.

இந்த நிறச்சாயலை கெல்வின் என்ற எண்ணால் குறிப்பார்கள். மெழுகுவத்திச் சுடர் சுமார் 1900, குண்டு பல்பு 2700, நண்பகல் வெயில் 5500, நிழல் 7000-க்கு மேல். எண் கூடினால் நீலம். நாம் சிவப்பைச் சூடு என்றும் நீலத்தைக் குளிர் என்றும் நினைப்பதற்கு நேர்மாறு, பழகிவிடும்.

தானியங்கி வெண்சமநிலை, படத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கிறதே, மஞ்சள் விளக்காக இருக்கும் என்று எண்ணி அதைக் கழிக்கிறது. விழுந்தடித்து மலை ஏறிப் பார்க்கப் போனதே அந்தச் சிவப்பைத்தான். ஆகவே தானியங்கியை விட்டுவிட்டு, சின்னச் சூரியன் படம் போட்ட அமைப்பில் நிறுத்திவிடுங்கள். நண்பகல் வெயிலை வெள்ளை என்று வைத்துக்கொண்டு கேமரா கணக்கிடும். அந்திச் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். மேகம் போட்ட அமைப்புக்கு மாற்றினால் இன்னும் ஆரஞ்சாகும். சிலர் அதை விரும்புகிறார்கள். ஊறுகாயில் உப்புச் சேர்ப்பதுபோல எனக்குப் படுகிறது.

இங்கே பலர் திடுக்கிடும் ஒன்று உண்டு: பனியின் நிழல் நீலமாக விழும். உடனே கேமரா தவறு என்று எண்ணித் திருத்தப் போகிறார்கள். வேண்டாம். நிழலில் நேர் வெயில் படுவதில்லை. அதன்மேல் விழுவது வானத்தின் ஒளி மட்டும். வானம் நீலம், பனி வந்ததைத் திருப்பித் தரும், ஆகவே நிழலும் நீலம். சிவப்பு உச்சியும் நீல நிழலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் அந்த நேரத்தின் அழகே. மூன்றாம் நண்பருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் சிகரத்தோடு நிழலும் பள்ளத்தாக்கும் சேர்ந்து ஆரஞ்சாக இருந்தால் கணினியில் வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். நிழல் நீலமாக நின்றால் பெரும்பாலும் மலையே கொடுத்த நிறம்தான்.

உங்கள் கேமராவில் ரா என்ற கோப்பு வகை இருந்தால் அதில் சேமியுங்கள். சென்சார் வாங்கியதைச் சமைக்காமல் பச்சையாக வைத்துக்கொள்வது ரா. வெண்சமநிலையைப் பிறகு வீட்டில் உட்கார்ந்தும் மாற்றிக்கொள்ளலாம். வழிந்த கிண்ணத்தை மட்டும் ராவாலும் மீட்க முடியாது.

கைபேசி வைத்திருப்பவர்களுக்கு

பெரும்பாலோர் கையில் இருப்பது இதுதான் என்பதால் தனியாகச் சொல்கிறேன். விதி அதேதான். திரையில் சிவந்த சிகரத்தின்மேல் விரலால் தொட்டு அழுத்திப் பிடித்தால், பல கைபேசிகளில் ஒளிக் கணக்கு அந்த இடத்துக்குப் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சின்னச் சூரியனைக் கீழே இழுங்கள்; உச்சியில் நிறம் திரும்பி வருவது கண்ணுக்கே தெரியும். கைபேசி பல படங்களை ஒன்றாக்கி நிழலை வெளுக்கப் பார்க்கும். அது சில நேரம் இரவைப் பகலாக்கிவிடுகிறது என்பது என் குறை.

விறைக்கும் விரலும் ராஜ்மா மூட்டையும்

வெளிச்சம் குறையக் குறைய கேமரா கதவை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அதற்குள் கை ஆடினால் படம் கலங்கும். குளிரில் கை ஆடாமல் என்ன செய்யும்? முக்காலி இருந்தால் நல்லது. நான் கொண்டுபோகவில்லை. இரண்டாம் நாள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். முன்சியாரி ராஜ்மா புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதில் ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். மாடிக் கைப்பிடிச் சுவரில் பையை வைத்து, அதில் கேமராவை அழுத்தி உட்காரவைத்தால் அசையாது. பொத்தானை அழுத்தும் விரலின் அதிர்வு போக, இரண்டு வினாடி தாமத அமைப்பும் போட்டுக்கொண்டேன்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாவதே காரணம். சார்ஜ் முழுதாகத் தீர்ந்துவிடுவதில்லை. இன்னொன்றைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்து மாற்றிப் போடுங்கள். படுத்ததையும் உள்ளே வைத்துச் சூடாக்கினால் மறுபடி கொஞ்சம் எழுந்திருக்கும்.

அறைக்குள் திரும்பும் முன் கேமராவை இறுக்கமான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடிவிடுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து சென்னை வெயிலில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த கேமரா அடுப்படி வெப்பத்துக்குள் வந்தாலும் அதுவே நடக்கும், லென்ஸுக்குள்ளும் நடக்கும். உறையோடு ஒரு மணி நேரம் போல விட்டுவிட்டால் ஈரம் உறையின்மேல் படியும், கேமராவில் படியாது.

சிவப்பு அணைந்த பிறகு

கடைசிச் சிகரமும் அணைந்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். சிகரங்கள் சாம்பலாகிக் கிடக்க, அவற்றின் பின்னால் கிழக்கு அடிவானத்தில் ஒரு கருநீலப் பட்டை மெல்ல எழும். அது மேகம் அல்ல. காற்றுமண்டலத்தின்மேல் விழும் பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. மேலை நாட்டார் அதை வீனஸ் தேவதையின் இடைக்கச்சு என்கிறார்கள். நாம் ஒட்டியாணம் என்று வைத்துக்கொள்ளலாம். சில மாலைகளில், வெயில் முழுதும் போன பிறகு, அணைந்த பனி மறுபடி ஒரு மங்கிய ரோஜா நிறம் கொள்ளும். மேற்கு வானத்துக் காற்றில் தெறித்த ஒளி திரும்பி வந்து மலைமேல் விழுவதால் அது. ஆல்பென்குளோ என்ற பெயர் கறாராகப் பார்த்தால் இந்த இரண்டாம் செம்மைக்கே உரியது. நேர் வெயிலில் சிவப்பதையும் இப்போது எல்லோரும் அப்படியே சொல்கிறார்கள். சண்டை போட வேண்டியதில்லை. இந்த ஒளியில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவு என்பதால் திருத்தமும் குறைவாகவே வேண்டும். கேமராவின் கணக்கே ஏறத்தாழ சரிவரும்.

மூன்றாம் நாள் மாலை நான் ஒன்று குறைத்து, சூரியன் படம் போட்ட அமைப்பில், ராஜ்மா மூட்டைமேல் வைத்து எடுத்தவை பதினொரு படங்கள். ஐந்து சிகரங்களில் நான்கு நீலமாகிவிட, உயர்ந்தது மட்டும் உச்சியில் நகக்கண் அளவுக்குச் சிவந்து நிற்கும் படம் ஒன்று. சிவப்பு மேடு சுவரைத் தொடவில்லை. கேமராத் திரையில் அதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மலையைப் பார்த்தார், மறுபடி குனிந்து பார்த்தார்.

"சரிதான்" என்றார். "மூட்டையைக் கொடுங்கள் தாஜ்யூ, ராத்திரிக்கு ஊறப்போட வேண்டும்."